வாசகர் கேள்வி – பதில்: நட்சத்திர வீரர்களும் நாட்டு அணிகளும்

கேள்வி: கால்பந்தின் மாபெரும் வீரர்களில், உலகக் கோப்பையில் ஒருமுறைகூட ஆடாதவர்கள் உண்டா?

பதில்: உண்டு. 1995இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதைப் பெற்ற ஜார்ஜ் வியாவின் லைபீரியா ஒருமுறைகூடத் தகுதிச் சுற்றைத் தாண்டியதில்லை. ஜார்ஜ் பெஸ்ட் உச்சத்தில் இருந்த காலத்தில் வட அயர்லாந்துக்கும் அதே நிலைதான். ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோவின் கதை இன்னும் வேதனையானது. அவர் பிறந்த அர்ஜென்டினா 1950, 1954 ஆகிய இரு போட்டிகளிலும் கலந்துகொள்ளவில்லை. பின்னர் அவர் குடியுரிமை பெற்ற ஸ்பெயின் 1958இல் தகுதி பெறவில்லை. 1962இல் ஸ்பெயின் அணியோடு சிலி வரை சென்றும், காயம் காரணமாக அவர் ஒரு ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை.

கேள்வி: 1954 உலகக் கோப்பையின் முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கிய ஹங்கேரி, இறுதி ஆட்டத்தில் அதே அணியிடம் 2-3 என்று தோற்றது ஏன்? முழுமையாகக் குணமாகாத புஷ்காஷை ஆட வைத்தது தவறில்லையா?

பதில்: முதலில், அந்த 8-3ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. துருக்கியை ஏற்கெனவே வென்றிருந்த ஜெர்மானியப் பயிற்சியாளர் ஹெர்பர்கர், தோற்றாலும் துருக்கியுடனான மறு ஆட்டத்தில் வென்று காலிறுதிக்குள் நுழைந்துவிடலாம் என்று கணக்கிட்டு, முக்கிய வீரர்கள் பலரை உட்கார வைத்துவிட்டே ஹங்கேரியைச் சந்தித்தார். ஆனால் அந்த ஆட்டத்தில் ஹங்கேரி கொடுத்த விலை பெரிது: லீப்ரிஷ் மோதியதில் அணித் தலைவர் ஃபெரென்ஸ் புஷ்காஷின் கணுக்கால் காயமடைந்தது. அவர் இல்லாமலே ஹங்கேரி காலிறுதியில் பிரேசிலையும், கூடுதல் நேரம் வரை நீண்ட அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் உருகுவேயையும் தலா 4-2 என்று வென்றது என்பதால்தான் நீங்கள் கேட்கும் கேள்வி இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

ஆயினும் அது தவறான முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெர்ன் நகரில் ஜூலை 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தின் 6ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தவரே அவர்தான். இரண்டு நிமிடம் கழித்துச் சிபோர் இரண்டாவதை அடித்தார். மோர்லாக்கும் ரானும் பதிலடி கொடுத்து 18ஆவது நிமிடத்திலேயே ஆட்டத்தைச் சமன் செய்த பிறகு, மழையில் சேறாகிப்போன மைதானத்தில் ஹங்கேரியர்களின் கால்கள் தளர்ந்தன. ஜெர்மானியர்களின் காலணிகளிலோ, அடியில் உள்ள குமிழ்களைத் திருகிக் கழற்றிவிட்டு ஈரத் தரைக்கேற்ற நீளமான குமிழ்களைப் பொருத்திக்கொள்ளும் வசதி இருந்தது. 84ஆவது நிமிடத்தில் ரான் மீண்டும் கோல் அடித்தார். அதற்குப் பிறகு புஷ்காஷ் பந்தை வலைக்குள் செலுத்தியும், எல்லைக்கோட்டு நடுவர் கொடி உயர்த்தியதால் அது ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. உலகக் கோப்பையில் மாற்று வீரர்களை இறக்க அனுமதி கிடைத்தது 1970இல்தான். 1954இல் காயம்பட்டவரைக் களமிறக்கினால் கடைசி வரை அவரோடுதான் ஆடியாக வேண்டும். என் கணிப்பில், ஹங்கேரியைக் கூடுதலாகப் பாதித்தது அந்தக் கணுக்கால் அல்ல, உருகுவேயுடன் ஆடிய 120 நிமிடங்கள்தான்.

கேள்வி: 1986இல் மரடோனா தனி ஒருவராகவே அர்ஜென்டினாவுக்குக் கோப்பையை வென்று தந்தார் என்பது சரியா?

பதில்: அணி அடித்த 14 கோல்களில் ஐந்து அவர் அடித்தவை, மேலும் ஐந்து அவர் கொடுத்த பந்தில் பிறந்தவை. ஆகவே அப்படிச் சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேற்கு ஜெர்மனியுடனான இறுதி ஆட்டத்தில் அவர் கோல் அடிக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். முதல் கோலைத் தலையால் முட்டி அடித்தவர் தடுப்பாட்டக்காரர் ஹோசே லூயிஸ் பிரவுன். அப்போது அவர் எந்தக் கிளப்பிலும் இல்லை. பசாரெல்லா நோயுற்றதால் அணியில் இடம் கிடைத்தது. நாட்டுக்காக அவர் அடித்த ஒரே கோல் அதுதான். பின்னர் தோள்பட்டை இடம் பெயர்ந்தபோது, சட்டையைப் பல்லால் கடித்துத் துளையிட்டு, அதில் விரலை மாட்டிக் கையை அசையாமல் நிறுத்திக்கொண்டு கடைசி வரை ஆடினார். 2-2 என்றிருந்த ஆட்டத்தை முடித்துவைத்த புருச்சாகாவின் கோலுக்குப் பந்தைத் தள்ளிவிட்டவர் மரடோனா. அந்தப் பந்துக்காக ஓட ஒருவரும், அதுவரை பின்களத்தைக் காக்கப் பிரவுனைப் போன்றவர்களும் தேவைப்பட்டார்கள்.

கேள்வி: நட்சத்திர வீரர் இல்லாமலே பெரிய கோப்பையை வென்ற அணி எது?

பதில்: 1992 ஐரோப்பியக் கோப்பையை வென்ற டென்மார்க். யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால், போட்டி தொடங்கச் சில நாட்களே இருந்தபோது அழைக்கப்பட்ட அணி அது. அந்நாட்டின் ஆகச் சிறந்த வீரரான மைக்கேல் லாட்ரூப், பயிற்சியாளர் மோலர் நீல்சனின் ஆட்டமுறை பிடிக்காமல் முன்பே விலகியிருந்தார். தம்பி பிரையன் மட்டும் திரும்பி வந்து ஆடினார். அரையிறுதியில் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் நெதர்லாந்தின் வான் பாஸ்டன் அடித்த பெனால்ட்டியைத் தடுத்தார். இறுதியில் ஜெர்மனி 0-2 என்று வீழ்ந்தது. மைக்கேல் 1993இல் அணிக்குத் திரும்பினார். ஆனால் 1994 உலகக் கோப்பைக்கு டென்மார்க் தகுதி பெறவில்லை.