'ஏகார்ன் ஆன்டிக்ஸ்' இன்றும் சிரிக்க வைப்பது ஏன்?

மூலத் தொடரே நின்றுபோன பிறகும் அதைக் கேலி செய்த நாடகம் எப்படி நிலைக்கிறது? பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் விக்டோரியா வுட் 1985 முதல் 1987 வரை பிபிசி 2-இல் வழங்கிய நகைச்சுவை நிகழ்ச்சியின் ஒரு பகுதியான, ஒரு பழம்பொருள் கடையில் நடக்கும் 'ஏகார்ன் ஆன்டிக்ஸ்' இதற்குச் சிறந்த சான்று. அது முக்கியமாகக் கேலி செய்தது 'கிராஸ்ரோட்ஸ்' என்ற நெடுந்தொடரை. பர்மிங்காம் அருகே ஒரு மோட்டலில் நடப்பதாக 1964 முதல் 1988 வரை ஓடிய அந்தத் தொடர், குறைந்த செலவில், மறுபடப்பிடிப்புக்கு நேரமின்றி அவசரமாகத் தயாரிக்கப்பட்டது. ஆடும் சுவர்களும் தடுமாறும் வசனங்களும் அப்படியே ஒளிபரப்பாகின.

வுட் அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒத்திகை பார்த்து அரங்கேற்றினார். ஜூலி வால்டர்ஸ் நடித்த பணிப்பெண் மிஸஸ் ஓவரால், தட்டை ஏந்தியபடி தன் முறைக்காகக் காத்து நிற்பது கேமராவில் தெரிந்துவிடும். பிறகு எதுவுமே நடக்காததுபோல் நடந்துவந்து பேசத் தொடங்குவார். நன்றாக நடிக்கத் தெரிந்தவரால்தான் இவ்வளவு துல்லியமாக மோசமாக நடிக்க முடியும். மூலத் தொடரைப் பார்த்திராதவர்களுக்கும் இது புரிகிறது. ஏனெனில் எதிர்பாராத உறவுகள் வெளிப்படுவதும், பேரதிர்ச்சிகள் ஒரே வரியில் கடந்துபோவதும் எல்லா நெடுந்தொடர்களுக்கும் பொதுவானவை.

இதில் ஏளனத்தைவிட வாஞ்சையே மிகுதி என்பது என் உறுதியான எண்ணம். 2005-இல் டிரெவர் நன் இயக்கத்தில் இது லண்டனில் இசை நாடகமானபோது, கடை உரிமையாளர் மிஸ் பாப்ஸாக மீண்டும் நடித்த சீலியா இம்ரி, லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருது பெற்றார்.