மூன்றாவது ஷூ வாங்கும் முன்…

கேள்வி: வயது 36. கோவை ரேஸ்கோர்ஸில் மூன்று மாதமாக ஓடுகிறேன். 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதால் போன மாதம் தூரத்தை இரண்டு மடங்காக்கினேன். இப்போது வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் வலி, இரவில்கூட. ஓடும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். வீடியோ பார்த்து ஈரக்கால் தடம் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தட்டைப் பாதம். இரண்டு ஷூ மாற்றியும் பலனில்லை. மூட்டு தேய்ந்துவிடுமா? எந்த ஷூ சரி?

பதில்: தட்டைப் பாதத்தை நினைத்து இவ்வளவு பயந்துவிட்டு, ‘இரவில்கூட’ என்பதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அதுதான்.

உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு விரலால் அமுக்கிக்கொண்டே வாருங்கள். நாலு விரல் நீளத்துக்கும் மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ‘ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்’, அதாவது அதிக ஓட்டத்தால் எலும்பின் ஓரமாக வரும் வலி. தூரத்தைக் குறைத்தால் சில வாரங்களில் அடங்கும். விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் ‘ஆ’ என்று காலை இழுத்துக்கொள்கிறீர்களா? அப்படியானால் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. தயவுசெய்து குதிக்காதீர்கள்.

இரவிலும் வலிக்கிறது என்பதால், விரல் என்ன சொன்னாலும் ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு இந்த வாரமே எலும்பு டாக்டரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சகஜம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றதும் மறுநாளே மைதானத்துக்குப் போய்விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். சீக்கிரம் கண்டுபிடித்தால் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஓடாமல் இருந்தாலே எலும்பு கூடிவிடும். வலியோடு ஓடிக்கொண்டே இருந்தால் விரிசல் முழு முறிவாகலாம். மாதவிலக்கு தள்ளிப் போகிறதா, உடம்பு குறைக்கச் சாப்பாட்டைச் சுருக்கினீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டுமே எலும்பைப் பலவீனமாக்கும். அதை எந்த ஷூவாலும் ஈடுகட்ட முடியாது.

அந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தார்கள்? மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கியதுதானே? ‘நில்’ என்று கால் சொல்வதை அது உங்கள் காதில் விழாமல் செய்கிறது. வியர்த்து உடம்பில் நீர் குறையும் நேரத்தில் சிறுநீரகத்துக்கும் கெடுதல். இன்றோடு நிறுத்துங்கள்.

தட்டைப் பாதமா? குதிகாலைத் தூக்கி விரல்களில் நிற்கும்போது உள்ளங்காலில் வளைவு தெரிந்தால், அதை மறந்துவிடலாம். பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறைகிறதா என்று அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைகளில் பயிற்சி பெறும் புதிய வீரர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். சொல்லும்படி ஒன்றும் குறையவில்லை. மூட்டுத் தேய்மானப் பயமும் வேண்டாம். அளவாக ஓடுகிறவர்களின் மூட்டு அதனால் தேய்வதில்லை.

ஷூ விஷயத்துக்கு, டாக்டர் ஓடலாம் என்று சொன்ன பிறகு வாருங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில், ஓடும்போது போடும் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். நின்றபடி பாருங்கள்: நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். போட்டதுமே சுகமாக இருப்பதை எடுங்கள். ‘போடப் போட இளகிவிடும்’ என்று கடைக்காரர் சொன்னால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். 12,000 ரூபாய் ஷூ 4,000 ரூபாய் ஷூவைவிட எலும்பைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் மாற்றினால் போதும்.

சரி, டாக்டரிடம் போகும்போது இப்போதைய ஷூவையும் அந்த மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.