ஏ.டி.எச்.டி. மதிப்பீடு: டெஸ்டுக்குப் போகும் முன் நோட்டுகளை எடுத்து வையுங்கள்

கேள்வி: மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. "இடத்தில் உட்காருவதே இல்லை, எழுதுவதைப் பாதியில் விட்டுவிடுகிறான், ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்" என்கிறார் டீச்சர். வீட்டிலோ செல்போனைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டான். கணவருக்கு 36 வயது. "சின்ன வயசில் இவனும் இப்படியேதான்" என்கிறார் மாமியார். இருவருக்கும் பரிசோதனை வேண்டுமா? யாரிடம் போவது? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: டீச்சர் சொல்லும் அந்த 'ஒரு டெஸ்ட்' கிடையாது. ரத்தம், ஸ்கேன், இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டப் பதிவு) எதை எடுத்தாலும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) அதில் தெரியாது. 'பிரெய்ன் மேப்பிங்' செய்தால் உறுதியாகிவிடும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பல பேரிடம், பல இடங்களிலிருந்து விவரம் திரட்டி, வேறு காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதுதான் இந்த மதிப்பீடு. விவரம் சரியாக இருந்தால் முடிவும் சரியாக இருக்கும். அதில் பாதி வேலை உங்கள் கையில் இருக்கிறது.

செல்போனை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். நொடிக்கு நொடி புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருக்கும் திரையில் இந்தக் குழந்தைகள் கவனமாகவே இருப்பார்கள். மெதுவாக நகரும், உடனே பலன் தெரியாத வேலையில்தான் சிக்கல் தெரியும்.

அளவுகோல் என்ன? நம் ஊரில் பரவலாகப் பின்பற்றப்படுவது 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு. அதில் கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், மிகை இயக்கத்துக்கும் அவசரப்படுதலுக்கும் சேர்த்து 9. ஏதாவது ஒரு பிரிவில் 6 இருக்க வேண்டும். 17 வயது ஆகிவிட்டால் 5 போதும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், படிப்பையோ வேலையையோ உறவையோ உண்மையில் பாதிக்க வேண்டும். 'இரண்டு இடம்' என்பதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. பள்ளியில் மட்டும் தொல்லை, வீட்டில், உறவினர் வீட்டில், விளையாட்டில் ஒன்றும் இல்லை என்றால், முதலில் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வகுப்பிலேயே வயதில் சிறிய பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. பத்து மாதம் மூத்த பிள்ளையோடு ஒப்பிட்டு 'அடங்க மாட்டேன் என்கிறான்' என்று சொல்லிவிடுவது எளிது.

இந்த வயதுக் குழந்தைகளுக்குப் பரவலாகப் பயன்படுவது வான்டர்பில்ட் படிவம் (6 முதல் 12 வயது வரை). பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. கானர்ஸ் படிவமும் உண்டு, இந்தியாவிலேயே உருவாக்கிய இன்க்லென் கருவியும் உண்டு. வான்டர்பில்ட்டில் அறிகுறிக் கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். 2, 3 போட்டவை மட்டுமே அறிகுறியாகக் கணக்கில் வரும். பாசத்தில் எல்லாவற்றுக்கும் 'சில சமயம்' என்று 1 போட்டால் ஒன்றுமே தெரியாது. நேற்று நடந்த சண்டையின் கோபத்தில் வரிசையாக 3 போட்டாலும் தவறு. நீங்களும் கணவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் நிரப்புங்கள்.

ஆசிரியர் படிவத்தில் நடக்கும் பிழை வேறு. பள்ளி ஜூனில் திறக்கிறது. ஜூலையில் படிவத்தை நீட்டினால், புது டீச்சருக்கு அவனைப் பழகியது சில வாரம்தான். அப்படியானால் இரண்டாம் வகுப்பு டீச்சரிடமும் ஒன்று வாங்குங்கள். படிவத்தை நீங்களே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அப்படிச் செய்தால் இரண்டாவது இடத்தின் விவரமே இல்லாமல் போய்விடும்.

போகும்போது பழைய ரேங்க் கார்டு, டைரி, ஒரு கணக்கு நோட்டு, ஒரு தமிழ் அல்லது ஆங்கில நோட்டு எடுத்துப் போங்கள். நோட்டு நிறையச் சொல்லும். 47-உடன் 38-ஐக் கூட்டுவது போன்ற கணக்குகளில் முதல் மூன்று சரி, நான்காவதில் மிச்சம் 1-ஐச் சேர்க்கவில்லை, ஐந்தாவதில் கூட்டலுக்குப் பதில் கழித்திருக்கிறான், ஆறாவதைப் பார்க்கவே இல்லை; ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினால் அத்தனையும் சரியாகப் போடுகிறான் என்றால் கவனத்தைச் சந்தேகிக்கலாம். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் 'ள', 'ல' இடம் மாறுகிறது, பக்கத்தில் இருந்தாலும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான் என்றால் கற்றல் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. வாசிக்க முடியாத பிள்ளை நாள் முழுக்க வகுப்பில் என்னதான் செய்வான்? எழுந்து நடப்பான்.

அதற்கு முன் குழந்தை நல மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். கண் பார்வை, காது கேட்கும் திறன், ரத்தசோகை, தேவைப்பட்டால் தைராய்டு பார்ப்பார். இரவில் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்று நீங்களே சொல்லுங்கள். அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) வீங்கித் தூக்கம் கெட்ட பிள்ளையும் பகலில் துறுதுறுவென்றுதான் இருப்பான். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் உணராமல் இருந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் தொடர்கிறான் என்றால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்; அதை செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். இ.இ.ஜி. உண்மையில் உதவுவது அங்கேதான்.

உளவியலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் உள்ளவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. நோயறிதலை உறுதிசெய்து மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர் அல்லது இதில் பயிற்சி பெற்ற குழந்தை மருத்துவர். செலவு தடையாக இருந்தால், அரசு மருத்துவமனையோடு இணைந்த மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். 18 வயது வரை பார்ப்பார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவையும் உண்டு. எங்கே தொடங்குவது என்றே புரியாவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

குழந்தைக்கு இரண்டு, மூன்று வருகை ஆகும். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, கண்ணாடி அணிபவன் என்றால் அதையும் போட்டுக்கொண்டு போகட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றுங்கள். புதிய அறை, புதிய ஆள், ஒருவர் முழுக் கவனத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பது என்றால் பல பிள்ளைகள் அங்கே சமர்த்தாகவே இருப்பார்கள்; அதை வைத்து 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவது பிழை. திரையில் எழுத்துகள் ஓட, குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் பொத்தானை அழுத்தும் சோதனையும் அப்படித்தான். துணைச் சான்றாக அது சரி. அதன் மதிப்பெண் மட்டும் எதையும் தீர்மானிக்காது. பினே-காமத், மிசிக் போன்ற ஐ.க்யூ. சோதனைகள் அறிவுத்திறன் குறைபாட்டையும் கற்றல் குறைபாட்டையும் பிரித்தறியத்தான். ஐ.க்யூ. எண்ணை மட்டும் எழுதிய அறிக்கை ஏ.டி.எச்.டி. அறிக்கை ஆகாது. யார் யாரிடம் விவரம் கேட்டார்கள், எந்தப் படிவத்தில் எவ்வளவு, எந்த வகை, கூட வேறு என்ன இருக்கிறது, பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

தேர்வுச் சலுகை வேண்டுமானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. அதனால் 'கற்றல் குறைபாட்டுக்கும் சேர்த்துப் பாருங்கள்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மகனின் வயதும் அந்தச் சோதனைக்குப் பொருத்தமானது.

இனி உங்கள் கணவர். இது குடும்ப வழியில் வருவதுண்டு, அதனால் மாமியார் சொன்னதை ஒதுக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற 18 கேள்விப் படிவம் இருக்கிறது. முதல் 6 கேள்விகள் மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். இணையத்தில் அதை நிரப்பி 'எனக்கு இருக்கிறது' என்று முடிவுசெய்துவிடுகிறார்கள், அது தவறு. அதன் பிறகு மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ விரிவாக நேர்காணல் செய்ய வேண்டும். டிவா என்ற நேர்காணலில் ஒவ்வொரு அறிகுறியையும் இப்போது ஒரு முறை, சிறு வயதுக்கு ஒரு முறை கேட்பார்கள். 12 வயதுக்கு முன் எப்படி இருந்தார் என்று அவருக்கே சரியாக நினைவிருக்காது. மாமியார் நேரில் வரட்டும், முடியாவிட்டால் போனில் பேசட்டும். பழைய பள்ளி ரேங்க் கார்டு பரணில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, மது, தைராய்டு எல்லாமே கவனத்தைக் குலைக்கும். இதெல்லாம் 30 வயதுக்கு மேல்தான் தொடங்கியது என்றால் மருத்துவர் அங்கேதான் முதலில் தேடுவார்.

இருவருக்கும் ஒரே நாளில் போகாதீர்கள். மகனுக்கு முதலில். மருந்து எழுதினால், ஏ.டி.எச்.டி.க்குப் பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருந்துச் சீட்டை இரண்டு பிரதியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். தொடங்கும் முன் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எடுத்துக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் திடீர் மரணமோ இதய நோயோ இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.