கால்பந்து கேள்வி பதில்: தோற்காத அணி வெளியே போனது எப்படி?

கேள்வி: ஃபுளோரிடாவில் வேலை பார்க்கும் என் மருமகன், 'எங்க யூனிவர்சிட்டி 13 ஆட்டத்திலும் ஜெயிச்சும் சாம்பியன்ஷிப்புக்கு எடுக்கல' என்று இன்றும் புலம்புகிறார். ஜெயிச்சவன் உள்ளே, தோற்றவன் வெளியே. அதுதானே பந்து களி? அங்கே மட்டும் எப்படி இது நடந்தது?
- தூத்தூர் வாசகர்

பதில்: அவர் சொல்வது 2023-ல் ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்கு நடந்தது. விளையாட்டு நம்முடையதல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே உச்சப் பிரிவில் மட்டும் 130-க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள். ஓர் அணிக்கு வழக்கமான பருவத்தில் 12 ஆட்டம்தான்; கூட்டமைப்பு இறுதிக்குப் போனால் 13. அடிபடும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் தாங்காது. ஆகவே பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அணிகள் 'கான்ஃபரன்ஸ்' எனும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து, பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மோதுகின்றன. ஒரு கூட்டமைப்பில் 12 வெற்றி என்பதும் இன்னொன்றில் 12 வெற்றி என்பதும் ஒரே எடை அல்ல. வழக்கு முளைப்பது இந்த இடத்தில்தான்.

சாம்பியன் பட்டத்துக்கு எந்த அணிகள் மோதுவது என்று தீர்ப்புச் சொல்வது 13 பேர் கொண்ட குழு. ஒவ்வொருவரும் முதலில் வரிசை இல்லாமல் 30 அணிகளின் பெயரை எழுதுவார்கள். பிறகு அவற்றில் சிலவற்றைச் சிறு தொகுதியாக எடுத்து, ரகசிய வாக்கில் 1, 2, 3 என்று எண் இடுவார்கள். எண்களின் கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அது மேலே. எதிர்த்து ஆடிய அணிகளின் பலம், நேருக்கு நேர் முடிவு, கூட்டமைப்புக் கோப்பை, பொது எதிரிகளிடம் ஆடிய விதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். முக்கிய ஆட்டக்காரர் காயத்தால் இல்லாமல் போனால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது.

கடைசியாகச் சொன்ன விதிதான் ஃபுளோரிடா ஸ்டேட்டைக் கவிழ்த்தது. நவம்பரில் அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், ஜார்டன் டிராவிஸின் கால் முறிந்தது. அவர் இல்லாமலே ஃபுளோரிடா பல்கலைக்கழகம் என்ற வேறோர் அணியை 24-15, லூயிவில்லை 16-6 என வென்று கூட்டமைப்புக் கோப்பையையும் எடுத்தார்கள். அப்போது இருந்தது நான்கே இடம். மிச்சிகன், வாஷிங்டன் இரண்டும் தோற்காத அணிகள். அவற்றில் சிக்கல் இல்லை. அலபாமா ஒரு தோல்வியோடு இருந்தாலும், அதுவரை தோற்காத ஜார்ஜியாவை 27-24 என வீழ்த்தியிருந்தது. அந்த அலபாமாவை அதன் சொந்தத் திடலிலேயே 34-24 என வென்றது டெக்சாஸ். அலபாமாவை எடுத்தால் டெக்சாஸை விட முடியாது. இரண்டும் உள்ளே போக, ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாவதானது.

'இன்று ஆடினால் யார் ஜெயிப்பார்' என்பது ஒரு கேள்வி. 'இதுவரை ஆடியதில் யார் சம்பாதித்தார்' என்பது வேறு கேள்வி. குழு முதலாவதற்குப் பதில் சொன்னது. அது தவறு என்பதே என் உறுதியான கருத்து. பிறகு பருவ முடிவில் நடக்கும் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 எனத் தோற்றதைக் காட்டி 'பார்த்தீர்களா' என்பவர்கள் உண்டு. அந்த ஆட்டத்தில் அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் இறங்கவே இல்லை. அதைச் சாட்சியாக எடுக்க முடியாது.

கேள்வி: மனிதர் வேண்டாம், கம்ப்யூட்டரிடம் விட்டால் சண்டை தீராதா?
- தக்கலை வாசகர்

பதில்: விட்டுப் பார்த்தார்கள். 1998 முதல் 2013 வரை பத்திரிகையாளர், பயிற்சியாளர் போன்றோரின் வாக்கெடுப்பையும் கணினித் தரவரிசையையும் கூட்டி இரண்டே அணிகளை எடுத்தார்கள். 2003-ல் ஓக்லஹோமா தன் கூட்டமைப்பு இறுதியாட்டத்தில் 35-7 என உதை வாங்கியது. ஆனாலும் கணக்கில் முதலிடம்! இரு வாக்கெடுப்பிலும் முதலிடத்தில் இருந்த யு.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா) மூன்றாவதாகி வெளியே போனது. அந்த வருடம் சாம்பியன் பட்டம் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்), யு.எஸ்.சி. என இரண்டாகப் பிரிந்தது. கணினிக்கும் எதற்கு எவ்வளவு எடை என்று மனிதன்தான் சொல்லிக் கொடுக்கிறான்.

கேள்வி: இப்போது 12 அணிகள் ஆடுகின்றனவாமே. பிரச்சினை முடிந்ததா?
- குளச்சல் வாசகர்

பதில்: ஐந்தாம் இடத்துச் சண்டை பதின்மூன்றாம் இடத்துக்கு நகர்ந்தது. 2025-ல் மயாமி, நாட்டர் டேம் இரண்டும் 10 வெற்றி, 2 தோல்வி. முதல் வாரத்தில் மயாமி 27-24 என நாட்டர் டேமை வென்றது. அப்படியிருந்தும் வாராவாரம் குழு வெளியிட்ட பட்டியலில் நாட்டர் டேம்தான் மேலே இருந்தது. கடைசி நாளில்தான் நேரடி வெற்றி எடுபட்டு மயாமி உள்ளே வந்தது. முடிவு சரி. ஆனால் அவ்வளவு வாரம் ஒரு பட்டியலைக் காட்டிவிட்டுக் கடைசி நாளில் புரட்டினால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

கேள்வி: விடுமுறையில் 12 கல்லூரி அணிகளை வைத்து கால்பந்து நடத்துகிறோம். போன வருடம் அரையிறுதிக்கு யார் என்பதில் தகராறு. விதியை எப்படி எழுதுவது?
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: எல்லாரும் எல்லாரோடும் ஆட 66 ஆட்டம் வேண்டும், நடக்காது. மூன்று மூன்று அணியாக நான்கு குரூப் போட்டால் 12 ஆட்டத்தில் முடியும். ஆனால் கடைசி ஆட்டத்தில் ஓர் அணி சும்மா உட்கார்ந்திருக்க, மற்ற இரண்டும் என்ன ஸ்கோர் போதும் என்று தெரிந்தே இறங்கும். அதைத் தவிருங்கள். நான்கு அணி கொண்ட மூன்று குரூப், 18 ஆட்டம், அரையிறுதியும் இறுதியும் சேர்த்து 21. மூன்று முதலிடம், இரண்டாம் இடங்களில் சிறந்தது ஒன்று. ஒரு குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் இரு திடல்களில் ஒரே நேரத்தில் விசில் ஊதித் தொடங்க வேண்டும்.

புள்ளி சமமானால் குரூப்புக்குள் வரிசை இது: நேருக்கு நேர் முடிவு, கோல் வித்தியாசம், அடித்த கோல், கார்டு, கடைசியில் சீட்டுக் குலுக்கல். மூன்று அணி சமமானால் அந்த மூன்றும் தமக்குள் ஆடியதை மட்டும் தனி அட்டவணையாகப் போடுங்கள். இதை எழுதி வைக்காததால்தான் பாதித் தகராறு. இரண்டாம் இடங்களை ஒப்பிடும்போது நேருக்கு நேர் இருக்காது; அங்கே கோல் வித்தியாசம்தான் பேசும். அதில் ஓர் ஆட்டத்துக்கு 3 கோலுக்கு மேல் கணக்கில் இல்லை என்று வரம்பு வையுங்கள். இல்லையென்றால் இளைத்த அணியை 11-0 என அடித்தவன் மேலே போய்விடுவான்.

கார்டுக் கணக்கு: மஞ்சள் 1, இரண்டாம் மஞ்சளால் சிவப்பு 3, நேரடிச் சிவப்பு 4 எனக் கழியுங்கள். சிரிக்காதீர்கள், 2018 உலகக் கோப்பையில் ஜப்பான் 4 மஞ்சள், செனகல் 6 மஞ்சள். அந்த வித்தியாசத்தில்தான் செனகல் வீட்டுக்குப் போனது.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கோடையிலும் மாலை மழை வரும். எத்தனை நிமிடம் ஆடியிருந்தால் ஸ்கோர் நிற்கும், எப்போது மறு ஆட்டம் என்பதையும் எழுதுங்கள். புகார் விசாரிக்கும் குழுவில் ஆடும் கல்லூரிக்காரர் இருந்தால், தம் அணியைப் பற்றிப் பேசும்போது அவர் வெளியே போய்விட வேண்டும், வாக்கும் கிடையாது; அமெரிக்கக் குழுவில் நான் மனமாரப் பாராட்டும் விதி அது. எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்து, குலுக்கல் நடக்கும் முன்பே 12 கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கி, ஸ்கோர் மேசையில் ஒட்டிவிடுங்கள்.