ஆரம்பகால அமெரிக்க இலக்கிய ஆய்வுக்கு மூல நூல்களை எங்கே தேடுவது?

1800-க்கு முந்தைய காலம் என்றால் முதலில் எவன்ஸ் தொகுப்பைப் பாருங்கள். 1639 முதல் 1800 வரை அமெரிக்காவில் அச்சான நூல்கள், பிரசங்கங்கள், துண்டுப் பிரசுரங்கள் அதில் உள்ளன. முழுத் தொகுப்புக்கு நூலகச் சந்தா வேண்டும். ஆனால் அதிலிருந்து தட்டச்சு செய்யப்பட்ட ஏறக்குறைய 5,000 நூல்களை மிச்சிகன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். தொடங்குவதற்கு அதுவே தாராளம்.

ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கக் கவிஞர் பிலிஸ் வீட்லியின் 1773 கவிதைத் தொகுப்பும், இன்னொரு அமெரிக்கக் கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் 1650 நூலும் முதலில் அச்சானது லண்டனில். ஆகவே அந்த முதல் பதிப்புகளை எவன்ஸில் தேடிப் பயனில்லை. இங்கிலாந்தில் அச்சான பழைய நூல்களின் தொகுப்புகளுக்குப் போக வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான்.

அப்புறம், அக்கால அச்சில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். ஸ்கேன் பிரதிகளில் கணினியும் அப்படியே படித்துவிடும். சொல் கிடைக்கவில்லையா? 'எஸ்' இருக்கும் இடத்தில் 'எஃப்' போட்டுத் தேடுங்கள்.

எந்தப் பதிப்பு எப்போது வந்தது என்று சரிபார்க்க, மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 1812-இல் தொடங்கிய அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி என்ற ஆய்வு நூலகத்தின் இணைய நூற்பட்டியல் நல்லது. அதற்குச் சந்தா வேண்டாம்.