போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் செய்து "விசாரணைக்கு வா" என்றால் போயாக வேண்டுமா?

வெறும் போனுக்காகப் போயாக வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. அதற்காக "வர முடியாது" என்று சொல்லி வைத்துவிடுவதும் சரியில்லை. கூப்பிடுபவரின் பெயர், பதவி, ஸ்டேஷன் எது, சி.எஸ்.ஆர். (மனுவைப் பெற்றதற்கான பதிவு) எண்ணா எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) எண்ணா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஸ்டேஷன் லேண்ட்லைனுக்கு நீங்களே பேசி உறுதிசெய்யுங்கள். வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று பணம் கேட்டால் அது மோசடி. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.

எண்ணைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சி.எஸ்.ஆர். மட்டும் என்றால் யாரோ உங்கள்மீது மனு கொடுத்திருக்கிறார், வழக்கு பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் நீங்கள் சாட்சியாகவோ எதிரியாகவோ (குற்றம் சாட்டப்பட்டவராகவோ) இருக்கலாம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் இரண்டின் நிலையையும் பார்க்க முடியும்.

சாட்சி என்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 179-ஆம் பிரிவின்படி எழுத்தில் சம்மன் தர வேண்டும். அந்த ஸ்டேஷன் எல்லையிலோ அடுத்த ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் இப்படி அழைக்கலாம். பெண்கள், 15 வயதுக்குட்பட்ட அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் ஸ்டேஷனுக்கு வரலாம்.

எதிரி என்றால் வருவது, ஆஜராகச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ். வக்கீல்கள் பழக்கத்தில் இன்னும் பழைய சட்டத்தின் எண்ணான 41ஏ என்பார்கள். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையில் கிடைத்துவிட்டால் மட்டும் அலட்சியம் வேண்டாம். நோட்டீஸ்படி ஆஜராகிக்கொண்டிருப்பவரைக் கைதுசெய்ய அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஆஜராகாவிட்டால் அதையே காரணம் காட்டிக் கைதுசெய்யலாம். போகுமுன் எஃப்.ஐ.ஆர். நகலோடு வக்கீலைப் பாருங்கள். முன்ஜாமீன் தேவையா என்பது பிரிவுகளைப் பார்த்தால்தான் தெரியும்.

நடைமுறையில் பெரும்பாலும் வருவது மனு விசாரணை அழைப்புதான். கைமாற்றுக் கடன், வாடகை பாக்கி, வரப்புத் தகராறு. இவற்றுக்கும் தேதி, நேரம் குறித்து எழுத்தில் சம்மன் தர வேண்டும், விசாரணையை ஸ்டேஷன் டைரியில் பதிய வேண்டும், துன்புறுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவிட்டிருக்கிறது. சிவில் விவகாரம் என்றால் அதை எழுதி, ஆவண நகல்களோடு கொடுத்து, உங்கள் பிரதியில் சீல் போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் இன்ஸ்பெக்டருக்கும், நகலை டி.எஸ்.பி. அல்லது உதவி ஆணையருக்கும் அனுப்புங்கள். சொன்ன தேதியில் போக முடியாவிட்டாலும் இதே வழிதான்: காரணத்தோடு, வரக்கூடிய தேதியையும் எழுதுங்கள்.

ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கடைசியில் வரும்: "எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க." இத்தனை நாளில் இவ்வளவு பணம் தருகிறேன் என்று அங்கே எழுதிய தாள் பிறகு சிவில் கோர்ட்டில் கடனை ஒப்புக்கொண்டதாக வந்து நிற்கும். வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிப்பது பெரும்பாடு. வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது. எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்கில் போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்தே தேவையில்லை. பி.என்.எஸ்.எஸ். 181-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

பகலில், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் வீட்டுக்கு மெசேஜ் அனுப்பிவையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுவே முதல் ஆதாரம். ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 உச்ச நீதிமன்ற உத்தரவு. ஆனால் கேமரா பழுது என்ற பதில் சாதாரணமாக வரும். அதனால் ஏதாவது நடந்தால் சில நாட்களுக்குள் தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கக் கோரி எஸ்.பி. அல்லது ஆணையர் அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள்.

வெளியே விடாமல் உட்காரவைத்தால், அவர்கள் எப்பெயர் சொன்னாலும் அது காவலில் வைப்பதுதான். "நான் கைதா, போகலாமா?" என்று நேராகக் கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் அவர் பக்கத்தில் இருக்க முடியாது. அடித்திருந்தால் மாஜிஸ்திரேட் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் வாய்மூடி இருந்தவர் பிறகு சொல்வதை நம்பவைப்பது கஷ்டம்.