பழத்தையும் பாத்திரத்தையும் ஓவியர்கள் ஏன் நூற்றாண்டுகளாக வரைந்துகொண்டே இருக்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஆப்பிள், கூஜா, பூச்சாடி என்று அதே பொருள்களை ஓவியர்கள் ஏன் விடாமல் வரைகிறார்கள், கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுத்துவிட முடிகிற காலத்தில் இது எதற்கு, வீட்டிலேயே பழக நினைப்பவர் எதில் தொடங்கலாம். நான் மலேசியாவில், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வார இறுதியில் பிள்ளைகளுக்கும் சில பெரியவர்களுக்கும் ஓவியம் சொல்லித் தருகிறேன். எங்கள் வகுப்பில் அதிகம் நடப்பதே இந்த ஸ்டில் லைஃப் என்கிற நிலைப்பொருள் ஓவியம்தான். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளே இல்லாத இந்தப் படங்களில்தான் ஆள் அதிகமாகத் தெரிகிறார். மேசைமேல் பாதி தோல் சீவிய எலுமிச்சம்பழம் கிடந்தால், சீவிய கை கொஞ்சம் முன்புவரை அங்கே இருந்தது என்று அர்த்தம். இத்தனை காலம் கடந்தும் இந்த வகை நிற்பதற்கு என் கணக்கில் இதுவே பெரிய காரணம்.

இது புரிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் ஊரில் பல வீடுகளில் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, நெத்திலிக் கருவாடு, ஆட்டுக்கறி, முறுக்கு எல்லாம் வைத்து, பக்கத்தில் மடித்த வேட்டி, ஒரு சுருட்டு, ஒரு கிளாஸ் கோப்பி ஓ (பால் விடாத கோப்பி) வைப்போம். எல்லாம் வைத்து முடித்த பிறகு அத்தை வந்து அந்தக் கிளாஸை மட்டும் எடுத்து இலைக்கு மறுபக்கம் வைப்பார். "அப்பாவுக்குக் கை எட்டணும்ல" என்பார். அங்கே உட்கார்ந்திருப்பவரின் வலது கை எது என்று பார்த்துத்தான் அவர் வைக்கிறார். படையல் வைக்கத் தெரிந்த எவருக்கும் நிலைப்பொருள் ஓவியத்தின் பாதிப் பாடம் தெரியும்: எது முன்னால், எது பின்னால், எதற்குப் பக்கத்தில் எது, நடுவில் எவ்வளவு இடம்.

இந்த ஓவிய வகையின் மிகப் பழைய உதாரணங்களில் சில படையல்களே. எகிப்தில் தீப்ஸ் நகரத்துக் கல்லறைகளில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன், சுவர்களில் திராட்சைக் குலை, அத்திப்பழம், ரொட்டி, வாத்து என்று அடுக்கி வரைந்திருக்கிறார்கள். நக்த் என்பவரின் கல்லறைச் சுவர் இதற்குப் பெயர் போனது. வைத்த உணவு கெட்டுப்போகும். வரைந்த உணவு இறந்தவருக்கு என்றைக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அது. பிறகு ரோமானியர்கள் இதையே உயிரோடிருப்பவர்களின் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயியில், ஜூலியா ஃபெலிக்ஸ் வீட்டுச் சுவரில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. கிண்ணத்தின் சுவரை ஊடுருவிப் பழங்கள் தெரியும்படி வரைந்திருக்கிறார் யாரோ ஒருவர். பெயர் தெரியாது. இப்போது அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் ஓவிய உலகம் இந்த வகையை நெடுங்காலம் கடைசி வரிசையில்தான் உட்கார வைத்தது. 1667-இல் ஆந்த்ரே ஃபெலிபியன் பிரெஞ்சு ஓவியக் கழகத்துக்காக ஒரு தரவரிசை எழுதினார். பழம், பூ, சிப்பி வரைபவர் கீழே. உயிருள்ள விலங்கை வரைபவர் அவருக்கு மேலே. மனித உருவத்தையும் வரலாற்றையும் வரைபவர் உச்சியில். இந்த வரிசையைப் படித்தபோது எனக்குத் தோட்டத்து ஏணிதான் ஞாபகத்துக்கு வந்தது: துரை, கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் தண்டல், பிறகு பால் வெட்டுகிறவர். கீழ்ப்படியில் இருப்பது இல்லாமல் மேல்படிக்குச் சோறு இல்லை.

அந்தக் கீழ்ப்படியிலிருந்து வந்தவர்தான் ழான் சிமெயோன் ஷார்தான். 1728-இல் அதே கழகத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் கொடுத்த படங்களில் ஒன்று, வயிறு கிழித்துக் கொக்கியில் தொங்கவிட்ட ஒரு திருக்கை மீன். பக்கத்தில் ஒரு பூனை சிப்பிகள்மேல் முதுகைத் தூக்கி நிற்கும். அது இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் வரைந்ததில் எனக்கு உயிரான படம் 1761 வாக்கில் வரைந்தது. ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு கோப்பிப் பானை, கொஞ்சம் பூண்டு. அவ்வளவுதான். எந்த வீட்டுச் சமையற்கட்டிலும் இருக்கும் சாமான். பானையின் கரிய வயிற்றுப் பக்கத்தில் அந்தத் தண்ணீர் கிளாஸ் நிற்பதைப் பார்த்தால், கிளாஸ் மேல் குளிர்ந்திருப்பது விரலுக்குத் தெரியும். அவர் தட்டில் குழைப்பது வண்ணத்தை அல்ல, பொருளையேதான் என்ற பொருள்பட எழுதினார் அக்காலப் பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ. சரியான பேச்சு.

டச்சு நிலைப்பொருள் ஓவியர்களைப் பற்றி எல்லோரும் சொல்வது மண்டையோடும் அணையப்போகும் விளக்கும்தான்: எல்லாம் ஒருநாள் போய்விடும் என்ற எச்சரிக்கை. அது உண்மை. ஆனால் எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. நான் பார்ப்பது அந்த மேசைமேல் இருக்கும் சரக்கு. பீட்டர் கிளாஸ் என்ற டச்சு ஓவியர் 1627-இல் வரைந்த, வான்கோழி இறைச்சிப் பணியாரம் (டர்க்கி பை) இருக்கும் படத்தில், பஞ்சாங்கத் தாளைச் சுருட்டி அதில் மிளகு வைத்திருப்பார். சீனப் பீங்கான் கிண்ணமும் இருக்கும். மிளகு அந்த ஊரில் விளைவதில்லை. கேரளக் கரை, சுமத்ரா என்று நம் பக்கத்துக் கடலைத் தாண்டிப் போன சரக்கு அது. அந்தப் படம் வரைந்த 14-ஆவது ஆண்டில், 1641-இல், டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவையே பிடித்துக்கொண்டார்கள். மிளகைப் பறித்தவர் அந்த மேசையில் இல்லை, மிளகு இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பிறந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியிருந்ததே இல்லை.

அதே காலத்தில் கிளாரா பீட்டர்ஸ் என்ற பெண் இருந்தார். உடலை நேரில் பார்த்து வரையும் பயிற்சி பெண்களுக்குக் கிடைக்காத காலம். பாலாடைக்கட்டி, பாதாம், ரொட்டி என்று மேசையை வரைந்தார். தி ஹேக் நகரத்து மவுரிட்ஷாய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு படத்தில், கூஜாவின் உலோக மூடியை உற்றுப் பார்த்தால் அவர் முகம் பிரதிபலிப்பாகத் தெரியும். கத்தியின் பிடியில் அவர் பெயரைப் பொறித்திருப்பார். ஆளில்லாத படத்துக்குள் ஆள் நுழைந்துகொள்ள இதைவிட அழகான வழியை நான் பார்த்ததில்லை.

இனி எங்கள் வகுப்பு. வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் கொண்டுவாருங்கள் என்று சொல்வேன். தூக்குச்சட்டி, அரிவாள்மனை, கோலா கங்சார் பக்கத்து சாயோங் கிராமத்தில் செய்கிற கறுப்பு மண்குடுவை என்று வரும். சுட்ட சூட்டோடு உமியில் போட்டுக் கறுப்பாக்குவார்களே, அந்த லாபு சாயோங். ஒரு பையன் மங்கு கொண்டுவந்தான். ரப்பர் மரத்தில் கம்பி கட்டி, வடிகிற பாலைப் பிடிக்கிற மங்கு. இப்போது பிளாஸ்டிக் மங்குதான் அதிகம். இது பழைய பீங்கான் மங்கு. அவன் பாட்டி அதில் திருநீறு போட்டுச் சாமி மேடையில் வைத்திருந்தாராம். அவர்கள் இருந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, இப்போது இல்லை. தோட்டம் செம்பனையாகி, குடும்பம் தாமானுக்கு, அதாவது ஊர்க் குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டது. மங்கு மட்டும் கூடவே வந்திருக்கிறது.

அதை ஜன்னல் ஓரம் வைத்தோம். வெளியே பழுப்பு மெருகு. அதில் ஜன்னலின் நான்கு கட்டங்களும் வளைந்து சின்னதாக ஒளிர்ந்தன. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அந்த இடத்தில் மெருகு இல்லாததால் ஒளி துளியும் மின்னவில்லை, வெறும் மண் நிறம். உள்ளே அடியில், எத்தனை கழுவியும் போகாத பழைய ரப்பர் பால், கெட்டிப்பட்டுத் தேன் நிறத்தில். மெருகின் மயிரிழை வெடிப்புகளில் திருநீறு இறங்கியிருந்தது. கழுத்தைச் சுற்றிக் கம்பியின் துருக்கோடு.

பையன் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் போட்டான். எல்லோரும் முதலில் அப்படித்தான் போடுவார்கள். மங்கின் வாய் வட்டம் என்று மூளைக்குத் தெரியும், அது தட்டையாக மேசையில் உட்காரும் என்றும் தெரியும்; தெரிந்ததைக் கை போட்டுவிடுகிறது. பென்சிலை எட்டப் பிடித்து, வாயின் அகலத்தையும் உயரத்தையும் அளக்கச் சொன்னேன். வாய் ஒடுங்கிய நீள்வட்டமாக இருந்தது. "டீச்சர், அப்ப அடியும் வளையுமா?" என்றான். வளையும், வாயைவிட அதிகமாகவே வளையும். கண் மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க வட்டம் அகன்று தெரியும். அழித்து, அடியை வளைத்துப் போட்டதும் மங்கு தாளில் உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த பிள்ளைகள் எழுந்து வந்து பார்த்தார்கள். உருவம், உடை, முகபாவம் என்று கவனத்தைச் சிதறடிக்கிற எதுவும் இல்லாததால், பார்வையைப் பழக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பொருள் அசையாது, கூலி கேட்காது, நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

பழம் மட்டும் நாளைக்கு அப்படியே இருக்காது. பிரெஞ்சு ஓவியர் செசான் ஒரு படத்தை அவ்வளவு மெதுவாக வரைவாராம், பழம் அழுகிவிடும், பூ வாடிவிடும். அதனால் காகிதப் பூவை வைத்தும் வரைந்திருக்கிறார். ஓர் ஆப்பிளால் பாரிஸை அசத்துவேன் என்று அவர் சொன்னதாக அவருடைய நண்பர் எழுதி வைத்திருக்கிறார். அசத்தவும் செய்தார். அவர் மேசைகளில் துணிக்கு இந்தப் பக்கம் தெரியும் மேசை விளிம்பும் அந்தப் பக்கம் தெரியும் விளிம்பும் ஒரே கோட்டில் சேராது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மனிதக் கண்ணின் பார்வை அது. பிக்காசோவும் அவர் கூட்டாளிகளும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள்.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தவர் ஜார்ஜெட் சென். 1906-இல் பிறந்த சீனப் பெண்மணி, பாரிஸில் படித்தவர். போர்க்காலத்தில் கணவரை இழந்து, 1951-இல் பினாங்குக்கு வந்து, பிறகு சிங்கப்பூரில் நன்யாங் கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். மலாய் கற்று, செண்டானா என்று ஒரு மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். அவர் கையில் ஐரோப்பிய ஆப்பிளின் இடத்துக்கு ரம்புத்தானும் மங்குஸ்தீனும் வந்தன. 1965-இல் வரைந்த ரம்புத்தான் படம் ஒன்று இருக்கிறது. மலேசியப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் அட்டையில் பனி வரைவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படத்தைக் காட்டுகிறேன். வாழ வந்த ஊரின் பழத்தை ஒருவர் எவ்வளவு மதித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள். புகைப்பட முன்னோடி டாகேர் 1837-இல் எடுத்து இன்றும் இருக்கிற பழைய படம், ஓர் ஓவியர் அறையின் மூலையில் வைத்த சுதைச் சிற்பங்களும் பிரம்பு சுற்றிய ஒரு போத்தலும்தான். பதிவாக நிமிடக்கணக்கில் ஆகுமென்பதால் அசையாத பொருள்தான் தோது. ஆக, கேமராவும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் வெளியே வந்தது. அதனால் எனக்கு அதன்மேல் பகை இல்லை. ஆனால் போட்டோவைப் பார்த்து வரைய நான் விடுவதில்லை. கைப்பேசி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது, நிழலைக் கரியாக்கிவிடுகிறது. நேரில் பார்த்தால் அந்த நிழலுக்குள்ளும் மேசைத் துணியின் நிறம் ஏறியிருக்கும்.

தொடங்குவதற்கு, முட்டை ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று போதும். காலை எட்டிலிருந்து பத்துக்குள் ஜன்னல் பக்கம் வையுங்கள். நம் ஊரில் உச்சிவெயில் நேரே தலைக்கு மேலிருந்து வருவதால் நண்பகலில் நிழலே குறுகிவிடும். கூரையிலுள்ள டியூப் விளக்கை அணைத்துவிடுங்கள், ஒளி ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். 4பி பென்சில். கண்ணை இடுக்கிப் பார்த்து, முட்டையையும் அதன் நிழலையும் ஒரே வடிவமாக முதலில் போடுங்கள், பிறகு பிரியுங்கள். முட்டையின் நிழல் பக்க ஓரத்தில் தாளிலிருந்து எழும்பும் மெல்லிய வெளிச்சம் தெரிகிறதா என்று தேடுங்கள். அது தெரிந்த பிறகு பாத்திரத்துக்குப் போகலாம். ரம்புத்தான் வேண்டாம், இரண்டே நாளில் முடி கறுத்துவிடும். கடையில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். வீட்டில் யாராவது தினமும் கையாளுகிற சட்டியோ செம்போ எடுத்துக்கொள்ளுங்கள், பிடி தேய்ந்ததாக இருந்தால் நல்லது. தேய்ந்த இடத்தில் ஒளி வேறு மாதிரி விழும். எந்தப் பக்கமிருந்து பிடித்திருக்கிறார்கள் என்பதும் வரையும்போதே தெரிந்துவிடும்.